வெண்கலக் கவைகள்

அமெரிக்காவின் மெய்ன் கரையோரத் தீவு ஒன்றில் வெர்னாவும் தெல்மாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. தெல்மாவின் சிறு படகில் துடுப்பைத் தாங்கும் கவைகள் வெண்கலம். பத்து வருஷமாகியும் தேயவில்லை. வெர்னாவின் இரும்புக் கவைகள் துருப்பிடித்து இற்றுவிட்டன.

"தெல்மாவோடதைவிடப் பளபளன்னு ஒரு ஜோடி குடுங்க," என்று கடையில் கேட்டாள் வெர்னா.

"அதெல்லாம் மேல்பூச்சும்மா, உப்புத் தண்ணி தாங்காது. வெண்கலமே வாங்கிக்க," என்றார் கடைக்காரர்.

"அவ வச்சிருக்கறதையே நானும் வாங்கணுமா?"

பளபளப்பையே வாங்கினாள். ஆகஸ்ட் படகுப் போட்டியில் தெல்மாவை முந்தப்போகையில் ஒரு கவை முறிந்தது. வெர்னா படகுக்குள் மல்லாந்து விழுந்தாள். முதலில் போய்க்கொண்டிருந்த தெல்மா போட்டியை விட்டுத் திரும்பி வந்து கயிறு வீசினாள்.

"அடிபட்டுச்சாடி?"

வெர்னாவுக்கு முகம் எரிந்தது. தெல்மா ஜெயித்திருந்தால்கூட அவள்மேல் இத்தனை பொறாமை வந்திருக்காது.