கட்டியிருந்ததாகத்தான் நினைக்கிறேன்

பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் சரியாக இரண்டு மணிக்குத்தான் மிஸஸ் ஆல்டர்சன் தொலைபேசியை எடுப்பார். ஒரு நிமிடம் முந்தினால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் பிந்தினால் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டிய அவருடைய வயலில் விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துவரும் வீட்டுவண்டிகளான கேரவன்கள் ஐந்துக்குத்தான் இடம். இணையத்தில் பதிவதெல்லாம் அங்கே நடக்காது. தீவனக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுக்கும் நாட்குறிப்பில் அவர் பென்சிலால் பெயரை எழுதினால் எழுதியதுதான்.

பர்ன்லியில் தன் வீட்டுச் சமையலறையில் ஹிலரி ஒன்றரைக்கே நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேசைக்கு அடியில் டிங்கர் அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, எந்த இனத்திலும் முழுதாகச் சேராத நாய். எதிரே அவள் கணவன் ராய், முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன், மால்ட் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"டிங்கரோட பழைய போர்வை, ரெண்டு துண்டு, உண்ணி எடுக்கிற கொக்கி" என்று எழுதிக்கொண்டே சொன்னாள் ஹிலரி. "கனமான பொட்டியெல்லாம் சக்கரத்துக்கு மேல வை ராய். ஒரு வருஷம் பண்ணின மாதிரி முன்னால திணிச்சு வண்டியைத் தரையில மூக்கு ஒரச வைக்காதே."

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவனுக்குச் சொல்லிக் குடு."

"பேருந்துல நீ பொட்டி அடுக்கலையே கண்ணு. ஜனங்கதானே அவங்களா ஏறி உக்காந்தாங்க."

சிரித்தாள். தலையில் முடி இப்போதுதான் கோழிக்குஞ்சு மாதிரி முளைக்கத் தொடங்கியிருந்தது. நவம்பரில் கடைசி மருந்து ஏறியது. ஜூனில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து ஏறும் நாற்காலியில் சாய்ந்தபடி அவள் ராயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: "மே கடைசியில என்னை அந்த வயலுக்குக் கூட்டிட்டுப் போயிடு. காலடியில டிங்கர் கிடக்கணும். ஜன்னலைத் திறந்தா ஓடை சத்தம் கேக்கணும். அதுக்கப்புறம் டாக்டர் என்ன வேணா சொல்லிக்கட்டும்." மகள் லோர்னாவும் தன் குழந்தையோடு வந்து பக்கத்தில் கூடாரம் போடுவதாகச் சொல்லியிருந்தாள். குளிர்காலம் முழுவதும் ஹிலரி அந்த ஒரு வாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தாள்.

ராய் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வயலை நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவனுக்கும் நாய்க்கும் மட்டுமே தெரியும்.

போன வருடம் அதே வாரம், அதே வயல். ஹிலரிக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ராய்க்குத் தூக்கம் பிடிக்காமல், காலை ஐந்தரைக்குத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். கேரவன் கதவு மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகத் திறப்பது. கீழ்ப்பாதிக்குத் தாழ்ப்பாள் போடாமல் வந்துவிட்டான். திரும்பி வந்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது, நாயைக் காணோம். ஓடைக்கு ஓடினான். தண்ணீருக்குள் ஒரு தாய் ஆடு கழுத்து மடங்கிக் கிடந்தது. கரையில் அதன் குட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது. டிங்கரின் பல்லிடுக்கில் கம்பளி மயிர். ராய் அங்கேயே மண்டியிட்டு நாயின் வாயை ஓடைத் தண்ணீரால் கழுவினான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தூங்குகிறவளின் காலடியில் போட்டான்.

எட்டு மணிக்கு, தன் ஆடு செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மிஸஸ் ஆல்டர்சன் வந்தபோது அவிழ்ந்து திரிந்த நாய் ஒன்றே ஒன்று. வேக்ஃபீல்டிலிருந்து பதினெட்டு வருடமாக வருகிற ஹெப்வொர்த்தின் கறுப்பு லாப்ரடார், டெஸ். கிழ நாய். முந்தாநாள்தான் பக்கத்துக் கேரவன்காரர் அடுப்பில் வைத்திருந்த சாசேஜைக் கவ்விக்கொண்டு ஓடியதால், "இனிமே கட்டித்தான் போடணும்" என்று ஹெப்வொர்த் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கியிருந்தார்.

"ராத்திரி பூரா கட்டியிருந்ததா, நார்மன்?" என்று கேட்டார் மிஸஸ் ஆல்டர்சன்.

"கட்டியிருந்ததாகத்தான் நினைக்கிறேன்" என்றார் ஹெப்வொர்த்.

அங்கேதான் அந்த மனிதர் கெட்டார். இந்த ஊர்க்காரர்களுக்கு எதையும் அடித்துச் சொல்வது அநாகரிகம். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே "மழை பெய்யுதுன்னு நினைக்கிறேன்" என்பார்கள். தன் மீது பழி விழும்போதுகூட ஒரு மனிதன் 'கட்டினேன், போ' என்று சொல்லமாட்டானா? சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஹெப்வொர்த் மன்னிப்புக் கேட்டார், மத்தியானத்துக்குள் கேரவன் முன்னால் கட்டியிருந்த கூடாரத் துணியைச் சுருட்டிக் கிளம்பிவிட்டார். புறப்படும் கேரவனுக்குப் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்வது அக்கம்பக்கத்தார் மரியாதை. அதைச் செய்தது யார் என்கிறீர்கள்? ராய்தான். "இடது சரி. வலது சரி. பிரேக் சரி" என்றான். ஹெப்வொர்த் கார்க் கண்ணாடியை இறக்கி, "ரொம்ப நன்றி" என்றார்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். குழாயடிக்குப் போகிற வழியில் ராய் தன் கண்ணால் பார்த்திருந்தான். தரையில் திருகி இறக்கிய இரும்பு முளையில் டெஸ் கட்டியேதான் கிடந்தது. அவனைப் பார்த்து வாலை இரண்டு தட்டுத் தட்டியது. அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டது அதற்குப் பிறகு எப்போதோதான்.

இரண்டு மணி. ஹிலரி எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியை இயக்கி, தொலைபேசியை ராயிடம் தள்ளினாள். முதல் மணியிலேயே மிஸஸ் ஆல்டர்சன் எடுத்துவிட்டார்.

"ராயா? ஹிலரி எப்படிப்பா இருக்கா?"

"சாப்பிடறா, நடக்கறா, என்னைத் திட்டறா."

"அப்போ நல்லாத்தான் இருக்கா. மூலை இடம், அந்த மரத்தடி, உங்களுக்குத்தான். எழுதியாச்சு. ஆனா ஒண்ணு. இந்த வருஷத்திலேர்ந்து வயல்ல நாயே கூடாதுன்னு வெச்சிட்டேன். மத்தவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு." ஹிலரியின் கை பென்சிலோடு நின்றது. "பயப்படாதே, உங்க டிங்கரைத் தவிரதான். அது தங்கமான நாய். அதை நம்பி நான் ஆட்டுப்பட்டியிலேயே விடுவேன்."

ஹிலரி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஹெப்வொர்த்..." என்று எதற்கோ வாயைத் திறந்துவிட்டான். "அவர்கிட்டேர்ந்து ஏதாவது..."

"கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தார், பாவம். ஒரு தடவை ஆட்டு ருசி கண்ட நாயை இன்னொருத்தர் வயல் பக்கம் கூட்டிட்டுப் போக மனசு வரலையாம். பேரப்புள்ளைங்க வேற வர்ற வீடு. மிருக வைத்தியர்கிட்டக் கொண்டு போய், சாகற ஊசி போட்டுட்டாராம். தலையை மடியிலேயே வெச்சிருந்தேன்னு எழுதியிருந்தார். கேரவனையும் வித்துட்டார்."

அதற்குப் பிறகு அவர் புல் விளைச்சலைப் பற்றி ஏதோ சொன்னார். வைத்துவிட்டார்.

"அய்யோ, அந்த டெஸ்" என்றாள் ஹிலரி. குனிந்து டிங்கரின் காதை வருடினாள். அப்புறம் நிமிர்ந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் பார்த்த முகம். "என்ன ராய்?"

அவன் சொல்லிவிட்டான். தாழ்ப்பாள், ஓடை, கம்பளி மயிர், வாயைக் கழுவியது. கடைசியாக இரும்பு முளையையும் சொன்னான். சொல்லும்போது குரல் உடையவில்லை, அதுவே அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

கெட்டிலில் தண்ணீர் கொதித்துத் தானாக அணைந்தது.

"எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதே" என்றாள்.

"உனக்காகத்தான். டிங்கரைச் சுட்டிருப்பாங்க. அந்த வாரத்துல உங்கிட்ட இருந்து அதையும் நான்..."

"சொல்லாதேன்னேன்ல!" நோட்டுப் புத்தகத்தை அறைந்து மூடினாள். நாய் துள்ளி எழுந்தது. "ஒரு வருஷமா அந்த வயலை நினைச்சு நினைச்சுத்தான் நான் அந்த நாற்காலியில உக்காந்தேன். அதுக்கு அடியில இதையா பொதைச்சு வெச்சிருந்தே? அந்த மனுஷன் தன் நாயை மடியில போட்டுக் கொன்னிருக்கார், ராய். உன் வாய் திறக்கலைங்கறதுக்காக."

ராய் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தான்.

"சொன்னா நமக்கு அந்த வயல் போயிடும்" என்றான்.

"போகட்டும். போனை எடு."

இந்தத் தடவை ஆறேழு மணி அடித்த பிறகே மிஸஸ் ஆல்டர்சன் எடுத்தார். ராய் முழுதும் சொல்லி முடித்தான்.

"நான் அந்த மனுஷனை எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சேன்" என்றார் மிஸஸ் ஆல்டர்சன். "பதினெட்டு வருஷமா என் வீட்டு முட்டையைச் சாப்பிட்டவர்." "நீயும் ஹிலரியும் வரலாம். அவளுக்காகச் சொல்றேன். நாய் என் நிலத்துல கால் வைக்கக் கூடாது."

ஹிலரி குனிந்து ஒலிபெருக்கியிடம் சொன்னாள்: "நாங்க வரலை, மிஸஸ் ஆல்டர்சன். மூலை இடத்தை வேற யாருக்காவது எழுதிக்குங்க. ஹெப்வொர்த் விலாசம் மட்டும் குடுங்க."

நோட்டைத் திறந்தாள். போர்வை, துண்டு, கொக்கி என்ற பட்டியலுக்குக் கீழேயே அந்த விலாசத்தை எழுதினாள். எழுதி முடித்து அழுதாள். ராய் பக்கத்தில் போனான், கையைத் தட்டிவிட்டாள். அழுது முடித்த பிறகுதான் கையைக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு வேக்ஃபீல்டுக்குக் கிளம்பினார்கள். வீட்டு முன்னால் உறை போர்த்தி நின்ற கேரவனைக் கடக்கும்போது ஹிலரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனியாக விடமுடியாததால் டிங்கரும் பின்னிருக்கையில் வந்தது. ஹெப்வொர்த் வீட்டுத் தெருவுக்கு முந்திய தெருவிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"நாயோட நான் இங்கேயே இருக்கேன். அவர் கண்ணுல இது பட வேண்டாம்."

ராய் நடந்து போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். திட்டுவார், கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார், 'உன் நாயையும் அதே மாதிரி பண்ணு' என்பார். என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவது என்றிருந்தான்.

கதவைத் திறந்த ஹெப்வொர்த் ஒரே வருடத்தில் நன்றாக இளைத்திருந்தார். "ராய்! நம்ம வயல் சிநேகிதர்! உள்ளே வாங்க, வாங்க. ஷீலா, தேநீர் போடு" என்று சமையலறையில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். அந்த வரவேற்பைத் தாங்குவதுதான் ராய்க்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கோட்டு மாட்டும் கொக்கி வரிசையில் கடைசிக் கொக்கியில் ஒரு சிவப்பு நாய்க் கயிறு தொங்கியது.

கோட்டைக் கழற்றாமல், கதவடியிலேயே நின்று சொன்னான்.

ராய் "என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை" என்று முடித்தபோது ஹெப்வொர்த் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றி சுருங்கியிருந்தது.

"அப்போ மணி என்ன இருக்கும்?"

"அஞ்சரை."

"எங்க கேரவனைத் தாண்டிப் போனீங்களா?"

"தாண்டித்தான் போனேன்."

"நான் அவகிட்டச் சொன்னேன்" என்றார். ராயிடம் சொல்வது போலவும் இல்லை. "வண்டியில திரும்பி வரும்போது ஷீலாகிட்டச் சொன்னேன், கட்டினேன்டி, ரெண்டு சுத்து சுத்திக் கட்டினேன்னு. அப்புறம் நாளாக ஆக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வயசாச்சு, மறந்திருப்பேன்னு நினைச்சேன். அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு தினம் நாலு தடவை எழுந்து பார்க்கிறேன்." கொக்கியில் இருந்த கயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "கட்டித்தான் இருந்துதா?"

"கட்டியிருந்தது. நான் பார்த்தேன். என்னைப் பார்த்து வாலை ஆட்டுச்சு."

ஹெப்வொர்த் ராயை அங்கேயே விட்டுவிட்டு, கயிறும் கையுமாகச் சமையலறைக்கு நடந்தார். நல்ல சேதி ஒன்று தபாலில் வந்த மாதிரி அவர் சொல்வது வாசல்வரை கேட்டது.

"ஷீலா! கட்டித்தான் வெச்சிருந்தேனாம், ஷீலா!"