அம்மாவுக்குப் போன் செய்தவள்

தோழிகள் வாத்து என்று கூப்பிடுகிறவள் கண்ணைத் திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டதால் 'கண்ணாடி' ஆனவள் அவள் கன்னத்தைத் தட்டினாள், முகத்தில் தண்ணீரை அடித்தாள். குளியலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தவளின் கை சில்லிட்டிருந்தது.

அன்று காலைதான் தொடர் ஓட்டத்தில் அவர்கள் பள்ளி முதலாவதாக வந்திருந்தது. அடுத்தது இறுதிப் போட்டி. வாத்தின் அம்மா மருந்துக் கடை வேலைக்குப் போயிருந்ததால் அணியின் நாலு பேரும் அவள் வீட்டில் கூடினார்கள். கேப்டன் தன் அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை உருவிக்கொண்டு வந்திருந்தாள். "ஜெயிச்சவங்க குடிங்க. பாப்பாங்க ஜூஸ் குடிக்கலாம்" என்றாள். கண்ணாடி உதட்டில் வைத்தமாதிரி வைத்து ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிட்டாள். வாத்துக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? நடைதான் வாத்து, ஓட ஆரம்பித்தால் காற்று. மனசோ பச்சைக் குழந்தை. பாப்பா என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே மடமடவென்று குடித்தாள். இன்னொன்று என்றதும் அதையும் குடித்தாள்.

"தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றாள் கேப்டன். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "வெளிய தெரிஞ்சா ஃபைனல் போச்சுடி."

"மூச்சு சரியா வரலடி அவளுக்கு."

"போனை வை. சொல்றேன்ல, வை!"

கண்ணாடி வைக்கவில்லை. "ஆன்ட்டி, நாங்க குடிச்சிட்டோம். உங்க பொண்ணு எழுந்திருக்க மாட்டேங்கறா." குடிக்காதவள் வாயிலிருந்து 'நாங்க' என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மறுமுனையில் வாத்தின் அம்மா உடனே சொன்னார்: "ஒருக்களிச்சுப் படுக்க வை. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

வாத்து பிழைத்துக்கொண்டாள். அணியைப் பள்ளி விலக்கிவிட்டது. இரண்டாவதாக வந்தவர்கள் இறுதிப் போட்டிக்குப் போனார்கள். கேப்டனின் பொறுப்பு பறிபோனது. கண்ணாடிக்குப் 'போலீஸ்' என்று புதுப்பெயர் வந்தது. கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். "நீ செஞ்சதுதான் சரி" என்று அப்பா தினமும் சொன்னார். அந்த வார்த்தை பள்ளி வாசல்வரைதான் கூட வந்தது. மற்றவர்களை விடுங்கள், வாத்தே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

ஒருநாள் காலுக்குக் கட்டுத்துணி வாங்க மருந்துக் கடைக்குப் போனாள். வாத்தின் அம்மா மீதிச் சில்லறையைத் தந்த கையை எடுக்காமல், அவள் கையைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றார்.

"கோபம் இல்லம்மா அவளுக்கு. உன்னைப் பார்க்க வெட்கப்படறா."

அடுத்த ஆண்டு பயிற்சி மிஸ் அதே நாலு பேரையும் மைதானத்தில் நிறுத்தினார். மூன்றாவதாக ஓடுகிறவள் வாத்து, அவளிடம் வாங்கிக் கடைசியாக ஓடுகிறவள் கண்ணாடி. கைமாற்றும் கட்டையை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பின்னால் வருகிறவள் "கை!" என்று கத்தினால்தான் கையைப் பின்னால் நீட்டவேண்டும். அந்த மதியத்துக்குப் பிறகு வாத்து அவளிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

விசில் ஒலித்தது. வாத்தின் மூச்சிரைப்பு பின்னால் நெருங்கி வந்தது. கண்ணாடி ஓட ஆரம்பித்தாள். வாத்து "கை!" என்று கத்துவதற்கு முன்பே அவள் கை பின்னால் நீண்டுவிட்டது. கட்டைக்காக விரித்த விரல்களுக்கிடையே காற்று புகுந்து போனது.