கற்பூரத்துக்கு முன் தட்டிய கை

…கையைத் தட்டியிருக்கவே கூடாது, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் கை கேட்டால்தானே, ஒரு தட்டு, பிறகு விரல்களை விரித்து உள்ளங்கையையும் புறங்கையையும் ஐயருக்கே காட்டிவிட்டான், நயாகரா கசினோவில், சூதாடுபவர்களுக்குச் சீட்டுப் போடும் வேலையில், மேசையை விட்டு விலகும்போதெல்லாம் கூரைக் கமராவுக்குக் காட்டுவதுபோல, நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்று. ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், மங்கையற்கரசி அக்காவின் புது வீட்டில், குடிபூரல் அன்று, பால் பொங்கிய கையோடு. சனம் சிரித்தது. உது என்ன புதுக் கும்பிடு பிரியந்தன் என்று மங்கையற்கரசி அக்கா கேட்டா. இவன் வாய் திறக்கமுன் அவவின் புருசன் மகேஸ்வரன் அண்ணை முந்திக்கொண்டார். “உது மேசை மாறேக்கை கமராவுக்குக் காட்டுறது. காட்டாட்டி சுப்பவைசர் விடான்.” சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது, முகம் வெளிறிப்போனது. “நீங்கள் உந்தப் பக்கமே போனதில்லையெண்டியள்,” என்றா அக்கா. “பேந்து உதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

கேள்வி அண்ணையிடம், பார்வை இவனிடம். ஏன் என்னைப் பார்க்கிறா… அஜின்கோர்ட்டில் அவர்களுடைய பேஸ்மென்றில் இருந்த காலத்தில், யூனிவசிற்றியை விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்று ஒன்றுமே கேட்காமல் புட்டும் முட்டைப் பொரியலும் வைத்த மனுசி. அவவிடம்தான் சொன்னான், “நான்தான் அக்கா அண்ணைக்குச் சொன்னனான்.” பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ரெக்ஸ்டேல் பக்டரியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அண்ணை வந்து இருப்பது இவனுடைய மேசையில், முன்பின் தெரியாதவர்போல, சீட்டு விழும்போது மட்டும் மெல்ல, போடு தம்பி என்று. மேசையில் தெரிந்த ஆள் இருந்தால் சுப்பவைசரிடம் சொல்லியிருக்க வேண்டும், அது விதி. சொல்லவில்லை. அண்ணை தோற்கத் தோற்க, அக்கா இரண்டு வேலை செய்து சேர்த்ததை இந்தக் கைதானே வாரி எடுத்தது, எடுத்துவிட்டு வெறுங்கையைக் கமராவுக்குக் காட்டியது. “தம்பி சொன்னாச் சரி,” என்றா அக்கா. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். பொங்கலை இருவருக்கும் சேர்த்து ஒரே டப்பாவில் போட்டுத் தந்தா, போற வழிதானே தம்பி, இவருக்கு இண்டைக்கும் ஓவர்டைம், ரெக்ஸ்டேலிலை இறக்கிவிடும் என்று.

இப்போது காரில் அண்ணை பக்கத்துச் சீற்றில், மடியில் பொங்கல் டப்பா, கண்ணாடியெல்லாம் பொங்கல் ஆவியில் புகார் பிடித்திருக்கிறது. “இண்டைக்கு உனக்கு எந்த மேசை தம்பி?” “அக்காவுக்கு இனிப் பொய் சொல்லமாட்டன் அண்ணை.” “ஆர் சொல்லச் சொன்னது? நீயாத்தானே சொன்னாய்.” உண்மைதான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அண்ணை வந்து இருந்த ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை வேறு மேசை கேட்டிருக்கலாம், தந்திருப்பார்கள், கேட்கவில்லை… ஏன்? கிழமை முழுக்க மோட்டல் அறை, சீருடை, மார்பில் யாருக்கும் வாயில் நுழையாத பெயர்ப் பட்டி, அந்த ஊரில் தம்பி என்று கூப்பிட வேறு ஆளில்லை என்பதாலா… சீ. ரெக்ஸ்டேல் பலகை தெரிகிறது. சிக்னல் போட்டால் போதும், அண்ணை முணுமுணுத்துக்கொண்டு இறங்கிவிடுவார், இறக்கிவிடும் என்றுதானே அக்கா சொன்னா. விரல் போகவில்லை, பலகை பின்னால் போய்விட்டது, கார் நயாகரா பக்கம். அண்ணை டப்பாவைத் திறந்தார்.