மாதிரி நேர்காணலில் ஒரு போர்வெல்

மைதிலிக்கு எதிர்வரிசையில் மூன்று நாற்காலிகள் வேண்டும். இரண்டு போதாது. அரசுப் பணிக்கான குரூப்-1 தேர்வின் நேர்காணலில் ஒருவர் கேள்வி கேட்கும்போது மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை, முகத்தைப் படிப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பழகுவதற்குத்தான் மாதிரி நேர்காணல் என்பது அவள் கட்சி. வட்டார வளர்ச்சி அலுவலரான அவள், ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்செங்கோட்டுக் கல்லூரி ஒன்றில் பொது நிர்வாகம் படிக்கும் மேல்படிப்பு மாணவர்களை இப்படிப் பழக்கிவந்தாள். அன்று மூன்றாவதாக வரவேண்டிய ஓய்வுபெற்ற தாசில்தார், பஸ் வழியில் நின்றுவிட்டதென்று போன் செய்துவிட்டார்.

தள்ளிப்போடவும் முடியாது. ஆய்வு மாணவி தனப்பிரியாவுக்குப் புதன்கிழமை சென்னையில் நேர்காணல். எழுத்துத் தேர்வில் அவளை அசைக்க முடியாது. போன முறை வேலை நேர்காணலில்தான் கைநழுவிப் போனது. எதைக் கேட்டாலும் இரண்டு பக்கத்தையும் அழகாக விளக்குவாள். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்ல மாட்டாள். இந்த முறையும் போனால் இனி எழுதப் போவதில்லை என்று மைதிலியிடம் சொல்லியிருந்தாள்.

"வராந்தாவுல அவங்கப்பா இருக்காருங்க மேடம்," என்றார் பேராசிரியர் ஜெயபிரகாஷ். "வெள்ளைச் சட்டை, மீசை. ரிட்டயர்டு கலெக்டர்னாலே நம்பலாம்."

மகளை அழைத்துப்போக வந்திருந்த சின்னண்ணன், போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். கூப்பிட்டதும் கூச்சப்பட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்? குழி தோண்டத்தானுங்க தெரியும்."

"அதையே கேளுங்க," என்றாள் மைதிலி. "மகள்னு நெனைக்காதீங்க. அவங்க கோட்டாட்சியர். நீங்க ஒரு காரியமா அவங்களப் பாக்க வந்திருக்கீங்க."

நேர்காணல் குழு உறுப்பினர் என்று சொல்லியிருக்க வேண்டியவரை மைதிலி மனுதாரராக்கிவிட்டாள். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

தனப்பிரியா உள்ளே வந்தாள். விண்ணப்பதாரர், உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும், நின்றாள். ஆனால் அதிகாரி வந்தால் எழுந்து நிற்பதுதான் சின்னண்ணனுக்குப் பழக்கம். அவரும் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு எழுந்து நின்றார். யாரை யார் உட்காரச் சொல்வது? ஜெயபிரகாஷ் சிரிப்பை அடக்க இருமினார். கடைசியில் மைதிலி பொதுவாகக் கையைக் காட்டினாள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

ஜெயபிரகாஷ் மதுவிலக்கைப் பற்றிக் கேட்டார். தனப்பிரியா வருவாயைச் சொன்னாள், குடும்பங்களைச் சொன்னாள், அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மைதிலி பெருமூச்சு விட்டுச் சின்னண்ணன் பக்கம் திரும்பினாள்.

"வணக்கமுங்க," என்றார் அவர் மகளைப் பார்த்து. "நம்மளுது ரிக் லாரிங்க. ஒரு தோட்டத்துல போர் போடோணுங்கறாங்க. தென்ன காயுதுங்க. ஆனா பஞ்சாயத்துக் குடிதண்ணிக் கெணறு பக்கத்துலயே இருக்குதுங்க. அனுமதி வாங்கலீங்க. போடலாமுங்களா?"

"விவசாயியோட வாழ்வாதாரமும் முக்கியம். பொதுமக்களோட குடிநீரும்..."

"அதெல்லாஞ் செரிங்க. போடலாமுங்களா, வேண்டாமுங்களா?"

"ஆய்வு செஞ்சு முடிவு..."

"நாளைக்கு வெடியால லாரி கெளம்பிருமுங்க. பசங்களுக்குச் சோத்துக்குச் சொல்லியாச்சு."

என்ன நடிப்பு என்று வியந்தாள் மைதிலி.

"எந்த ஊருங்க?" என்றாள் தனப்பிரியா.

அவர் ஊர்ப்பெயரைச் சொன்னார். மைதிலியின் ஒன்றியத்தில் உள்ள ஊர். அந்தக் கிணற்று மோட்டாருக்குப் போன மாதம் கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

இது உதாரணமா, உண்மையா? உண்மையென்றால் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது பயிற்சி கொடுப்பவளா, வட்டார வளர்ச்சி அலுவலரா? இப்போதே தடுத்துப் பேசினால், தனப்பிரியா ஒரு முடிவும் சொல்லிப் பழகாமலே சென்னைக்குப் போவாள். பேசாமல் இருந்தால் காலையில் லாரி போய்விடும். ஜெயபிரகாஷ் மட்டும், அருமையான கேள்வி என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தனப்பிரியாவின் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"இங்க கீழ கெட்டிப் பாறைங்க," என்று மெதுவாகத் தொடங்கினாள். "தண்ணி கொளம் மாதிரி நிக்கறதில்ல. பாறை வெடிப்பு வழியாத்தான் ஓடுது. பக்கத்துல ஆழமா போர் எறக்கி மோட்டார் ஓட்டினா, வெடிப்புல வர்ற தண்ணி மொதல்ல அங்க எறங்கிரும். ஊர்க் கெணறு வத்திரும். இது என்னயவிட உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்க."

"தெரியுமுங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"அப்பப் போடக்கூடாதுங்க. லாரி கெளம்பக்கூடாது."

"தோட்டம் உங்க மாமனுதுங்க."

"யாருதா இருந்தாலும் மாட்டேனுங்க."

சின்னண்ணன் மைதிலியிடம் திரும்பினார். "ஏனுங்க மேடம், இது பரிச்சைக்குச் சொன்னதுங்களா, நெசமாச் சொன்னதுங்களா?"

மைதிலி வாயைத் திறந்தாள். அலுவலகத்தில் ஒரு மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இதற்கு எந்த மேசை என்று தெரியவில்லை.

"அனுமதி இல்லாமப் போடக்கூடாதுங்க. அது நெசம்," என்றாள். "மத்தது எனக்கும் புரியலீங்க."

அவர் வராந்தாவுக்குப் போய் லாரி டிரைவருக்குப் போன் போட்டார். "நந்தகுமாரு, லாரிய எடுக்காத. ஆமா... மச்சான் கத்துனாக் கத்தட்டும். யாரு சொன்னதா?" அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் உனக்கு எதுக்குடா? எடுக்காதன்னா எடுக்காத."

"முன்னாடியே தயார் பண்ணிட்டு வந்திருப்பாரோ?" என்றார் ஜெயபிரகாஷ்.

தனப்பிரியா சுடிதார் துணியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். "மேடம், இப்ப அப்பாகூடத்தான் ஊட்டுக்குப் போவோணும். வழியில என்ன பேசறதுங்க?"

"ஒண்ணும் பேசாத," என்றாள் மைதிலி. உடனே அது தப்பென்று பட்டது. "இல்ல, பேசு. எதுக்கு அப்படிச் சொன்னேன்னு... இரு, அது அவருக்கே தெரியும்."

வெளியே சின்னண்ணன் காரை ஸ்டார்ட் செய்யும் சத்தம். ஹாரன் ஒருமுறை, மெதுவாக அடித்தது. கோபமா, சும்மா கூப்பிடுகிறாரா என்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. தனப்பிரியா யாரையும் கேட்காமல் எழுந்தாள்.