சாத்தூரில் இறங்கிய பிறந்தநாள்

என் மகள் நறுமுகையின் பிறந்தநாள் வருடா வருடம் மதுரைப் பேருந்தில் வருவார். கோவில்பட்டி நிலையத்துக்குப் போய் நாங்கள் கூட்டி வருவோம். ஒல்லியான ஆள். அரைக்கைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. வீட்டுக்குள் வந்ததும் முதலில் தண்ணீர் கேட்பார். முட்டை அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் கேக்கை முட்டையில்லாததாகத்தான் சொல்லிவைப்போம். மகள் மெழுகுவர்த்தியை ஊதியதும் அவளுக்கு ஒரு வயது ஏறும். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த முறை பேருந்து வந்தது, அவர் இறங்கவில்லை. நறுமுகை ஏறி இருக்கைகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

நடத்துநரிடம் கேட்டேன்.

"மஞ்சப்பைக்காரரா? சாத்தூர்ல டீ குடிக்க இறங்கினாரு சார். ஒரு அம்மா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

நாங்கள் சாத்தூர் வண்டியில் ஏறினோம். பிறந்தநாள் போயிருக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. தெரு நாய்கள் எல்லாம் ஒரே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

உள்ளே, வண்ணக் காகிதங்களுக்குக் கீழே, எங்கள் பிறந்தநாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் ஒரு சிறுமி, கணுக்கால் வரை தொங்கும் கவுன் போட்டு நின்றாள். மேசையில் சின்னதாக ஒரு கேக், அதன்மேல் கிரீமில் ஒரு ரோஜா.

அந்த வீட்டு அம்மாள் பெயர் எஸ்தர். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"வண்டி நின்னுச்சு, இவர் சும்மா நின்னுட்டிருந்தாரு. வாங்கன்னு கூப்பிட்டேன், வந்துட்டாரு" என்றார்.

"அவரு எங்க வீட்டுக்கு வர்றவரும்மா."

"தெரியும் சார்." அவர் சிறுமியின் தலையில் கை வைத்தார். "பெனிட்டாவை நாங்க தத்தெடுத்தோம். இவ எப்பப் பிறந்தான்னு யாருக்கும் தெரியாது. அதனால இவளுக்குன்னு யாரும் வர்றதில்ல. எங்க கைக்கு வந்தப்ப எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருக்கா. செருப்புத் தேயுது, கால் வளர மாட்டேங்குது. வளருவான்னு நானும் எப்பவும் பெருசாவே கவுன் எடுக்கேன்."

நான் பிறந்தநாளிடம் கேட்டேன், "ரெண்டு பேருக்கும் பார்த்து ஏதாவது செய்ய முடியாதா?"

"நான் ஒரு நாள்தானே தம்பி" என்றார் அவர். "பொழுது சாயறதுக்குள்ள யாராவது ஒரு பிள்ளைக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். பை கனத்தது. அவர் எழுந்து நின்றார். எஸ்தர் தடுக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தார். பெனிட்டா கீழே விழுந்தவற்றைப் பொறுக்கி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

நான் வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"பாயசத்துக்கு முந்திரி வறுத்துட்டேன். எங்க நிக்கீங்க?" என்றாள் வடிவு.

நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ள எவ்வளவு உசரம் இருக்கும்?"

"நம்ம கேஸ் சிலிண்டரைவிடக் கொஞ்சம் உசரம்."

"நம்ம பிள்ளைக்கு நாலு வயசு ஆனதுல இருந்து நான் பாதி நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். நாலு வயசு நறுமுகையை நான் சரியாப் பார்க்கவே இல்லங்க" என்றாள் அவள். "இன்னொரு தடவை நாலாவே இருக்கட்டும். ஆனா அவகிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க. அவளோட ஆளு அவரு."

உள்ளே வந்து நறுமுகையிடம் கேட்டேன். அவள் பிறந்தநாளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் என்னோடவரு."

"ஆமா. அதனாலதான் உன்னைக் கேக்கேன்."

"மறுபடியும் எல்கேஜியா?"

"ஆமா."

"அதே மிஸ்ஸா?"

"அதே மிஸ்தான்."

அவள் கேக்கைப் பார்த்தாள். பெனிட்டாவைப் பார்த்தாள். "அந்தப் பூ எனக்கு வேணும்" என்றாள்.

பெனிட்டா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் அவளே விரலால் ரோஜாவை வழித்தெடுத்து, பாதி நசுங்கிய நிலையில், நறுமுகையின் உள்ளங்கையில் வைத்தாள். நறுமுகை சட்டையை விட்டாள். பிறந்தநாள் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பையை அவர் காலடியில் வைத்தேன்.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பெனிட்டாவுக்கு ஊதத் தெரியவில்லை. நறுமுகை கன்னத்தை உப்பவைத்து ஊதிக் காட்டினாள். சுடர் அணைந்ததும் கணுக்காலில் கிடந்த கவுன் மெல்ல மெல்ல ஏறிக் கெண்டைக்காலில் வந்து நின்றது. எஸ்தர் முட்டிபோட்டு அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "சின்னதாப் போச்சே" என்றார். "சின்னதாப் போச்சே சார்." அந்தத் துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எங்களை உட்காரச் சொன்னார். கேக்கும் காராச்சேவும் வந்தன. கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறந்தநாளும் சாப்பிட்டார்.

நானும் நறுமுகையும் கோவில்பட்டி வண்டியில் ஏறியபோது வெயில் இறங்கியிருந்தது. உள்ளங்கையை நக்கியபடியே அவள் என் தோளில் தூங்கிப்போனாள். ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பேருந்தும் தூங்கிவிட்டது. நடத்துநர் உதட்டில் விரலை வைத்துக்காட்டினார். நறுமுகையை இருக்கையிலேயே படுக்கவைத்தேன். பயணிகள் நாங்கள் எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கி, ஆளுக்கொரு பக்கமாகப் பேருந்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டோம். எனக்குப் பின்சக்கரத்துப் பக்கம் கிடைத்தது. முன்னால் போன ஓட்டுநர், "தலை தொங்காமப் பார்த்துக்கோங்க" என்று மெதுவாகச் சொன்னார். பேருந்து முழித்துவிடாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தோம்.