ஆகஸ்டில் பிறந்த ஏழு

வியாழக்கிழமை காலை, ஊருக்கே சூடு அனுப்பும் எங்கள் வெப்ப நிலையத்தின் நீராவிக் குளியலறை பெண்களுக்கு. ஓய்வு பெற்றவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஓய்வூதியத்தைக்கூட விட்டுக்கொடுப்போம், அதை விடமாட்டோம். ஜனவரி மாதம், கரகண்டா நகருக்கு வடக்கே, ஈரத் தலையோடு தெருவில் இறங்கினால் முடி கண்ணாடிக் குச்சிகளாக ஒடியும். என் தோழி ஒருத்தியின் பின்னல் நடுரோட்டில் விழுந்து மூன்று துண்டாக உடைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சரி, பாதிக் கண்ணால். அதனால் குளித்ததும் நாங்கள் நேரே கணினி அறைக்குப் போய், சர்வர் அலமாரிகளுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். அங்கே வீசும் சூட்டில் பத்தே நிமிடத்தில் தலை காய்ந்துவிடும்.

அந்த அறையை முப்பத்துநான்கு வருடம் நான் ஆண்டேன். இப்போது குல்ஷாத் ஆள்கிறாள். ஐம்பத்திரண்டு வயது, நிதானமானவள், கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் சொல்கிற ரகம். அந்த வியாழக்கிழமை அவள் முகம் ஆறின தேநீர் மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டேன். பத்து வார்த்தையில் சொல்லிவிட்டாள்: இன்றைக்குப் பரீட்சை, தோற்றால் அவள் கிடங்குக்குப் போய்க் கையுறை எண்ண வேண்டும்.

விஷயம் இதுதான். அந்த அறையில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு நிரல், தன் வீட்டைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடும் வீட்டுக்காரனைப் போல, ஐந்து மெய்நிகர் கணினிகளைக் குடிவைத்திருக்கிறது. ஒவ்வொரு குடியும் தான் தனி வீட்டில் வாழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கும். அவற்றில் மூத்த குடிதான் கொதிகலன்களையும் முப்பத்தெட்டு பம்பு நிலையங்களையும் கவனிக்கிறது. அது படுத்தால் ஊர் விறைத்துவிடும். இதுவரை வீட்டுக்காரன் வெர்ஷன் ஆறு. தலைநகரிலிருந்து வந்த ஒரு நிறுவனம் வெர்ஷன் ஏழைப் போட்டுத் தருகிறோம், அறையையே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது. குல்ஷாத் குளிர்காலம் முடியட்டும் என்றாள். காரணம் கேட்டால், அக்டோபரில் பட்ட பாடு போதும் என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை.

எங்கள் இயக்குநர் ஒராஸ்பெக், மரியாதையாக ஒரெக்கே என்போம், உடனே முடிவு கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் நிலையத்தில் கொதிகலன்களுக்கு வந்த வரிசையில் எண். ஐந்துக்குப் பிறகு ஆறு வந்தது, ஆறுக்குப் பிறகு ஏழு. சமையல்காரியைக் கேட்டாலும் ஏழுதான் புதுசு என்பாள். ஆகவே ஒரெக்கே சொன்னார்: உதிரிப் பெட்டியில் ஏழைப் போடுங்கள், மூத்த குடியின் நகல் ஒன்றை அதில் ஓட்டுங்கள், பம்பு நிலையங்கள் இரண்டு பெட்டிக்கும் பேசட்டும். தடங்கல் இல்லாமல் ஓடினால் அறைச் சாவி நிறுவனத்துக்கு.

பதினொரு மணிக்கு நிறுவனத்தின் பொறியாளன் தௌரேன் வந்தான். முப்பது வயது. வழவழப்பான பையன், காலில் காகிதம் மாதிரிச் சப்பாத்து. வாசலிலிருந்து அறைக்கு வருவதற்குள் அவன் பாதம் நீலமாகி, பிறகு ஊதாவாகி, கடைசியில் நிறமே இல்லாமல் போயிருக்கும். அவன் வேலையைத் தொடங்கினான். நான் அலமாரிக்குப் பின்னால் முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் குல்ஷாத் பின்பக்கம் வந்து குனிந்தாள். ஏழின் திரையில், கீழ் ஓரத்தில், எறும்பெழுத்தில், அந்த நிரலைக் கட்டியபோது போட்ட பில்டு எண் தெரிந்ததாம்: 3902.

"நம்ம ஆறோட பில்டு 4187 அக்கா."

அதனால் என்ன என்றேன். ஆறுக்கு ஒரு கணக்கு, ஏழுக்கு ஒரு கணக்கு, ஏழு புதிதாக எண்ண ஆரம்பித்திருக்கும் என்று பெரிய மனுஷி தோரணையில் விளக்கினேன். முழுத் தப்பு. ஆனால் எவ்வளவு அழகாகச் சொன்னேன் தெரியுமா?

குல்ஷாத் தலையை ஆட்டினாள். "இல்லக்கா. பாலிகிளினிக்ல டோக்கன் தர்றானே, பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே சுருள்ல கிழிச்சு. அதே மாதிரிதான். ஆறோ ஏழோ, எதைக் கட்டினாலும் அடுத்த நம்பர். சின்ன நம்பர்னா முன்னாடி பொறந்தது."

எனக்குச் சூடான அறையிலேயே மயிர் கூச்செறிந்தது. எங்கள் ஆறின் 4187 நவம்பரில் வந்த திருத்தம். அது எதற்கு வந்தது என்று எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அக்டோபரில் புது வலைப்பின்னல் அட்டை மாட்டியதிலிருந்து, மணி அடித்தாற்போல் ஒவ்வொரு மணிக்கும் முப்பத்தெட்டு நிலையங்களும் ஒரே மூச்சில் கணக்குச் சொல்ல வரும்; வீட்டுக்காரன் திணறி வாசலைச் சாத்திவிடுவான்; மூத்த குடிக்கு வெளியுலகமே தெரியாது. பத்தொன்பது நாள் குல்ஷாத் அறையிலேயே கிடந்து கையால் எழுப்பி எழுப்பிவிட்டாள். நவம்பர்த் திருத்தம் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போய்த் தூங்கினாள். எங்களுக்கு முன்பு வந்த திருத்தங்களின் எண்களோடு ஒப்பிட்டால், தௌரேன் கொண்டுவந்த ஏழோ ஆகஸ்டில் கட்டியது. பெயரில் புதுசு, பிறப்பில் பழசு. நவம்பர் மருந்து அதற்குள் எப்படி இருக்கும்?

போய்ச் சொல்லடி என்று தள்ளினேன். போனாள்.

ஒரெக்கே கேட்டுவிட்டுத் தௌரேனைப் பார்த்தார். தௌரேன் பொறுமையாகச் சிரித்து, ஆறில் உள்ளதெல்லாம் ஏழில் இருக்கும், அதனால்தான் அது ஏழு என்றான்.

"ஆகஸ்டு வரைக்கும் இருந்த ஆறு அதுக்குள்ள இருக்கு தம்பி," என்றாள் குல்ஷாத். "நவம்பர் ஆறு எப்படி இருக்கும்? ஒரு மணி அடிக்கட்டும். வாசல் சாத்திக்கும். இப்பவே சொல்லிடுறேன்."

குல்ஷாத் தன் வாழ்நாளில் அன்றுவரை எதையும் முன்கூட்டிச் சொன்னவள் இல்லை. ஒரெக்கே புருவத்தைத் தூக்கினார். சொன்னபடி நடந்தால் சாவி அவளிடமே, நடக்காவிட்டால் திங்கட்கிழமை கிடங்கு என்றார்.

பன்னிரண்டு ஐந்துக்குப் பரீட்சை தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு நிலையங்கள் பேசி முடித்திருந்தன. அடுத்து ஒரு மணிக்குத்தான் கூட்டமாக வரும். திரையில் முப்பத்தெட்டு பச்சைப் புள்ளிகள், தூங்கும் குழந்தைகள் போல. பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு முப்பத்தைந்து. ஒன்றும் ஆகவில்லை. தௌரேன் ஒப்புதல் தாளை மேசைமேல் நேராக வைத்தான், பிறகு இன்னும் நேராக வைத்தான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு உணவுக்கூடத்திலிருந்து வேகவைத்த குதிரை இறைச்சியின் வாசனை வந்தது. ஒரெக்கே அரை மலை அளவு சாப்பிடுகிறவர். எழுந்து, முக்கால் மணி நேரம் ஓடிவிட்டதே, போதும், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றார். குல்ஷாத் பத்தே நிமிடம் கேட்டாள். ஒரெக்கேயின் பேனா மூடி திறந்துவிட்டது.

அப்போதுதான் நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டேன். தலை முழுக்கக் காய்ந்து, சிங்கம்போல் விரிந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு முன்னால் ஏந்தினேன்.

மூத்தவர் ஒருவர் கையேந்தி ஆசி தொடங்கிவிட்டால், அவர் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவும்வரை எங்கள் ஊரில் ஈகூட நகராது. ஒரெக்கேயின் கை பேனாவை விட்டது. உள்ளங்கை மேலே பார்த்தது. தௌரேனும் ஏந்தினான். வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

"இந்த நிலையம் செழிக்கட்டும்," என்று ஆரம்பித்தேன்.

கொதிகலன்களை ஒன்றிலிருந்து ஒன்பதுவரை தனித்தனியாக வாழ்த்தினேன். நாலாம் எண் கொதிகலனுக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டினேன். பிறகு பம்பு நிலையங்கள், தெருவாரியாக. ஒரெக்கேயின் தாயாருக்கு நூற்றிருபது வயது, மகளுக்குக் கல்லூரி இடம், மாமன் பட்டியில் நிற்கும் அவர் குதிரைக்கு நான்கு காலும் திடமாக. தௌரேனுக்கு முதலில் நல்ல சப்பாத்து, அப்புறம் நல்ல மனைவி. ஒரெக்கே ஒருமுறை "ஆமீன்" என்று மெல்ல ஆரம்பித்துப் பார்த்தார். நான் மூச்சு விடாமல் அவர் முப்பாட்டன்மாரில் நுழைந்துவிட்டேன். ஏழு தலைமுறை எங்களுக்கு மனப்பாடம். அவருடையதை நான் அவரைவிட நன்றாகச் சொன்னேன்.

குல்ஷாத்தின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஆறாம் தலைமுறையில் முள் நிமிர்ந்தது.

முதலில் ஒரு புள்ளி சாம்பலானது. பிறகு மூன்று. பிறகு ஒரு கணத்தில் உதிரிப் பெட்டியின் திரை முழுக்கச் சாம்பல், முப்பத்தெட்டும். பக்கத்தில் எங்கள் ஆறின் திரையைப் பார்த்தேன்: முப்பத்தெட்டும் பச்சை, ஒன்றுகூட இமைக்கவில்லை.

"ஆமீன்," என்றேன்.

எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். தௌரேன் குனிந்து கட்டளைகளைத் தட்டினான், பதிவுகளைப் புரட்டினான், தயாரிப்பாளரின் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துப் படித்தான். ஏழுக்கு அந்தத் திருத்தம் டிசம்பர் பில்டில்தான் வந்திருந்தது: 4230. அவன் நிமிர்ந்து குல்ஷாத்தைப் பார்த்தான். ஒளிக்கவில்லை, அதற்காக அவனைப் பிடித்தது எனக்கு.

"இலையுதிர் காலத்துல இறக்கி வெச்சதுக்கா. நான் முன்னாடி இருக்கிற ஏழுங்கிற நம்பரை மட்டும்தான் பாத்தேன்."

ஒரெக்கே ஒப்புதல் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். சாவிக் கொத்தை எடுத்துக் குல்ஷாத்தின் மேசையில் வைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் ஆளாகக் கேட்டார்.

"அப்ப ஏழை எப்பதான் போடலாம் குல்ஷாத்?"

"4230-ஐ ரெண்டு வாரம் உதிரிப் பெட்டியில ஓட்டிப் பாத்துட்டு, நானே போடுறேன் ஒரெக்கே."

மறுநாள் பதில் சொல்கிறவள், அன்றைக்கே சொன்னாள்.

உணவுக்கூடத்தில் ஒரெக்கே எனக்கு முன்னால் விருந்தாளிக்குரிய இறைச்சித் துண்டை வைத்தார். தட்டு ஆட்டுக்கிடை அளவு இருந்தது. தௌரேனுக்குச் சமையல்காரி தன் கணவனின் கம்பளிச் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள், என் ஆசி அவ்வளவு சீக்கிரம் பலித்தது. அவன் குல்ஷாத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் எந்த பில்டுக்குப் பிறகு எது என்று வரைந்து வரைந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, குல்ஷாத் ஏழை ஏற்றினாள். ஒரு மணி அடித்தபோது முப்பத்தெட்டு நிலையங்களும் ஒரே மூச்சில் பேசின, ஒன்றும் விடுபடவில்லை. ஈரத் தலையோடு நின்று நான் எண்ணினேன், முப்பத்தெட்டேதான். ஆனால் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நாற்பத்தைந்து என்று சொல்லியிருக்கிறேன்.