வடக்கு வெளிச்சத்தில் மூன்று கார்கள்

எந்தப் பொருளைக் காட்டினாலும் என் கணவர் கிருபானந்தத்தின் கண் முதலில் குறையைத்தான் தேடும். அதற்காகத்தான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பதனிட்ட தோலை மேசையில் விரிப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஓரத்தில் ஏ, பி, சி என்று எழுதுவார். எதற்கும் தேறாததற்கு ஒரு பெருக்கல் குறி. பெண் பார்க்க வந்த அன்று என்னை எந்த கிரேடில் போட்டார் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மனுஷன் வாயே திறந்ததில்லை.

இரண்டாயிரமாவது வருடம் கார் வாங்குவது என்று முடிவு செய்தோம். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில், அங்கிருந்து பஸ் என்று பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே போய் வருகிறவள். மகள் ஃபீபி கல்லூரி விடுதியில் இருந்தாள். இரண்டு பேருக்குச் சின்னக் கார் போதும் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. அதை ஓட்டப்போவது யார் என்பதில்தான் தகராறு.

"நானே ஓட்டறேங்க" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் காபி புரை ஏறியது. "ஊசி போடற கைம்மா அது. லாரி ஓடற ரோட்ல ஸ்டீயரிங் புடிக்குமா? கம்பெனி வேன் ஓட்டுன கோவிந்தசாமி ரிடையர் ஆயிட்டு சும்மாதான் இருக்கான். அவன வெச்சிக்கலாம்."

அவருக்கும் ஓட்டத் தெரியாது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டியூட்டி முடிந்ததும் வேலூரிலேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என் உயரம் நான்கடி பத்து அங்குலம். சொல்லிக்கொடுத்தவர் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினார். ஆறே வாரம். முதல் தடவையிலேயே டெஸ்டில் பாஸ். வந்த லைசென்ஸைச் சர்ச் பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்தேன். என்றைக்காவது, "சாரா, உனக்கு எது தோதா இருக்கு?" என்று அவராகக் கேட்பார், அன்றைக்கு அதை எடுத்து நீட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். கேட்கிற வரைக்கும் சொல்வதில்லை என்று ஒரு வைராக்கியம். முட்டாள்தனம்தான். ஆனால் பிடிவாதத்தில் நான் அவருக்கு ஒரு பிடி ஜாஸ்தி.

அவர் கேட்கவில்லை. நான்கு மாதம் காரைப் பார்த்தார்.

மாருதியா, சான்ட்ரோவா, மாட்டிஸா என்று ஆபீஸ்களில் எல்லாரும் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் மட்டும் எந்தக் காரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "பேர் தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்" என்பார். கம்பெனியில் தோல் கொடுத்தவர் பெயரை மறைத்து, ஒவ்வொரு கட்டுக்கும் லாட் என்று நம்பர் போட்டுத்தான் தரம் பிரிப்பார்களாம். அதனால் எங்கள் வீட்டில் கார்கள் லாட் ஒன்று, லாட் இரண்டு, லாட் மூன்று. அதற்கென்று தனி நோட்டு. கதவுச் சத்தம், கூரை உயரம், பின் சீட்டில் முழங்கால் இடிக்கிறதா, டிக்கியில் அரிசி மூட்டை நிற்குமா என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு.

போதாததற்கு வெளிச்சம் வேறு. தோலை வடக்கு ஜன்னல் ஓரத்தில், காலை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். வெயில் நேரே பட்டால் குறை மறைந்துவிடுமாம். காருக்கும் அதே சட்டம். ஷோரூமில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கும் காரைக் கட்டடத்தின் வடக்குப் பக்க நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொல்வார். வானம் மூடியிருந்தால், "இன்னிக்கு செலக்ஷன் இல்ல" என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவார். அவர் தலையைப் பார்த்தாலே ஷோரூம்காரர்கள் உள்ளே ஓடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, "முடிவு பண்ணிட்டேன். லாட் ரெண்டு. பின் சீட்டு ஏ கிரேடு. நீ ராணி மாதிரி காலை நீட்டிக்கினு வரலாம். கோவிந்தசாமி கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

லாட் இரண்டில் முன் சீட்டில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தேன். சீட்டை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் என் கால் கிளட்ச்சை முழுசாக அமுக்கவில்லை. அதை வாங்கினால் ஆயுசுக்கும் பின் சீட்டுத்தான்.

"கடைசியா மூணையும் ஒரே காலையில ஒரு ரவுண்டு பாத்துடுவோம். அப்புறம் நேரா லாட் ரெண்டு, அட்வான்ஸ் கட்டிட்டு வந்துடலாம்" என்றார். பாட்டுப் புத்தகத்திலிருந்து லைசென்ஸை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

ஒன்றையும் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவது ஷோரூமுக்குப் போனபோது மணி பத்தரை. வாசலில் வடக்கு நிழலில் லாட் மூன்று பளபளவென்று நின்றிருந்தது. கண்ணாடியில் சிவப்பு ரிப்பன். "பாத்தியா, நான் வர்றேன்னு தெரிஞ்சி தள்ளி வெச்சிட்டாங்க. ரிப்பன் வேற" என்று பூரித்துப்போனார். பானெட் மேல் குனிந்தார். விரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். "ஏங்க!" என்று நான் கத்துவதற்குள் ஒரு வட்டம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு "பி".

உள்ளேயிருந்து இனிப்பு டப்பாவோடு ஒருவர் ஓடி வந்தார். வாணியம்பாடி நிசார் அஹமது பாய். என் கணவரின் கம்பெனிக்குத் தோல் கொடுக்கிறவர், அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

"யா அல்லா, மேஸ்திரி! இத்தினி வருஷம் என் தோலை ரிஜெக்ட் பண்ணது பத்தலயா? டெலிவரி எடுத்து அஞ்சு நிமிஷம் ஆவல, என் காருக்கும் பி போட்டுட்டியே!"

"பாய், இது உங்க வண்டியா?" என் கணவரின் முகம் சாக்பீஸை விட வெளுத்துவிட்டது. "ஒரு புள்ளி இருந்திச்சி, அதான்…"

பாய் அந்தப் புள்ளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். "ஜாங்கிரி சீரா, சர்க்கரைப் பாகுய்யா! இப்பதான் எல்லாருக்கும் குடுத்தேன். இந்தா, நீயும் ஒண்ணு சாப்டு."

அந்த நேரம் பார்த்துப் புதுக் கார்கள் ஏற்றிய பெரிய லாரி ஒன்று வாசலில் வந்து ஹாரன் அடித்தது. பாயின் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "எனக்கு ஓட்ட வராதே. டிரைவர் ஆபித் பாஷா டிபனுக்குப் போய்ட்டான்" என்று பாய் தவித்தார். ஷோரூமில் ஓட்டத் தெரிந்தவர் யாருக்கோ ஓட்டிக் காட்ட வெளியே போயிருந்தார். லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.

"சாவி குடுங்க பாய்" என்றேன்.

"சாரா! இன்னா பண்ற நீ?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளினேன். டக், டக், டக். கால் கிளட்ச்சைத் தொட்டது. முழுசாக அமுக்கியது. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ரிவர்ஸ் எடுத்து, வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு காலமாகிவிட்டது.

"மேஸ்திரி, இதுக்கு இன்னா கிரேடுய்யா?" என்றார் பாய். என் கணவர் நேரே என் ஜன்னலுக்கு வந்தார்.

"எப்பக் கத்துக்கின?"

"ஏப்ரல்ல."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

லைசென்ஸை நீட்டினேன். பழக்க தோஷம், அதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை. பிறகு நோட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார்.

"டிக்கி, கதவு, கூரை எல்லாம் எழுதினேன். ஓட்டறது யாருன்னு மட்டும் எழுதல" என்றார். காது மடல் சிவந்திருந்தது. "சிரிச்சது தப்புதான். சாரா, உனக்கு எதுல கால் எட்டுது?"

நான்கு மாதமாக இந்தக் கேள்விக்கு என்னென்ன குத்தல் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்! கண்தான் நிறைந்தது. "இதுல" என்றேன்.

லாட் மூன்றையே வாங்கினோம். கோவிந்தசாமியிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். டெலிவரி அன்று நான் கிளம்பத் தயாரானபோது, "இரு" என்றார். கிளட்ச்சை ஒரு தடவை அமுக்கிக் காட்டச் சொன்னார். பிறகு வாசலிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்து, என் சீட்டு நகரும் தண்டவாளத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

"எவன் ஒக்காந்து தள்ளினாலும் சீட்டு திரும்ப இந்தக் கோட்டுக்கு வந்துடணும். இது உன் எடம்."

சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார். நான் குனிந்து பார்த்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு "ஏ".

"இது வண்டிக்கா, எனக்கா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

"உனக்குத்தான்."

"எப்பப் போட்டது? இப்பவா, பொண்ணு பாக்க வந்தப்பவா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.